ஆறு ஆட்டம் போதுமா? கெலனிக்கை முன்வைத்து ஒரு விவாதம்

#1 வேங்கைமரம்

பேஸ்பாலில் அவுட்ஃபீல்டராக (வெளிக்களத்தில் பந்து பிடிப்பவராக) ஆடும் ஜேரெட் கெலனிக் விஷயத்தில் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. விஸ்கான்சினில் பள்ளிப் படிப்பு முடித்த கையோடு, 2018 டிராஃப்டில் (கிளப்புகள் முறை வைத்துப் புதுமுகங்களைத் தேர்ந்தெடுப்பது) ஆறாவது ஆளாக நியூயார்க் மெட்ஸ் அவரை எடுத்தது. ராபின்சன் கனோவும் எட்வின் டியாஸும் மெட்ஸுக்குப் போன அந்தப் பெரிய வீரர் பரிமாற்றத்தில், அதே டிசம்பரில் சியாட்டில் மரினர்ஸ் அணிக்கு வந்து சேர்ந்தார். 2021 மே 13 அன்று உச்ச மட்டமான மேஜர் லீக்கில் முதல் ஆட்டம். வயது 21. முதல் நாள் ஒன்றும் இல்லை. மறுநாள் நான்கு தளமும் சுற்ற வைக்கும் ஹோம் ரன் ஒன்று, இரண்டாம் தளம்வரை கொண்டுபோகும் டபுள் இரண்டு. ஊரே எழுந்து நின்றது.

அதன் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். தொடர்ந்து 39 மட்டை வாய்ப்புகளில் ஒரு ஹிட்கூட (தளம் சேர்க்கும் அடிகூட) இல்லை. ஜூன் 7 அன்று மரினர்ஸின் கீழ்மட்ட அணி இருக்கும் டக்கோமாவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். 23 ஆட்டங்கள், 83 வாய்ப்புகள், 8 ஹிட். ஹிட்டை வாய்ப்பால் வகுத்தால் சராசரி .096.

மேலே வருவதற்கு முன் அவர், மைனர் லீக் எனும் கீழ்மட்ட லீக்குகளின் உச்சியான டிரிபிள்-ஏ மட்டத்தில் ஆடியது எத்தனை ஆட்டம் தெரியுமா? ஆறு. அதற்குக் கீழே டபுள்-ஏ மட்டத்தில் 2019 கடைசியில் 21 ஆட்டங்கள். 2020இல் கொரோனாவால் மைனர் லீக் பருவமே நடக்கவில்லை. ஆக, மேல் இரண்டு படிகளில் ஆடிய 27 ஆட்டங்களை நம்பி ஒரு பையனை உலகின் மிகச் சிறந்த பிட்சர்கள் (பந்து வீசுபவர்கள்) முன்னால் நிறுத்தினார்கள். பயிர் முற்றுமுன் அறுத்துவிட்டு, நெல் பதராக இருக்கிறது என்று குறை சொன்ன கதை இது.

நான் கேட்பது இதுதான்: அவருக்கு ஒரு முழு ஆண்டு மைனர் லீக் கொடுத்திருந்தால் இன்று நாம் வேறொரு கெலனிக்கைப் பார்த்துக்கொண்டிருப்போமா? கொடுத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வாருங்கள்.

#2 மழைக்காலப்பயணி

மறுக்கிறேன், வேங்கைமரம். நான் டக்கோமா பக்கத்தில் இருப்பவன். செனி ஸ்டேடியத்தில் டிரிபிள்-ஏ ஆட்டங்களை ஆண்டுக்குப் பத்துப் பதினைந்தாவது நேரில் பார்க்கிறேன்.

திருப்பி அனுப்பிய பிறகு என்ன நடந்தது என்பதை நீங்கள் விட்டுவிட்டீர்கள். 2021இல் டக்கோமாவில் மொத்தம் 30 ஆட்டங்கள் ஆடினார். சராசரி .320, ஒன்பது ஹோம் ரன். அதாவது அங்கே அவருக்குச் சோதனையே இல்லை. ஜூலையில் மீண்டும் மேலே வந்தார். பருவத்தை .181 சராசரியோடு முடித்தார். அடுத்த ஆண்டும் அதே கதைதான்: டக்கோமாவில் வெளுத்து வாங்கினார், சியாட்டிலில் .141.

கீழே எல்லாவற்றையும் அடிக்கும் ஒருவருக்குக் கீழேயே இன்னும் நூறு ஆட்டம் கொடுப்பதால் என்ன விளையும்? ஐந்தாம் வகுப்புக் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கும் பிள்ளையை மறுபடி ஐந்தாம் வகுப்பில் உட்கார வைத்தால் ஆறாம் வகுப்புக் கணக்கு வந்துவிடுமா?

டிரிபிள்-ஏ பிட்சர்கள் யார் என்று நேரில் பார்த்தால் புரியும். பாதிப் பேர் முப்பதை நெருங்கியவர்கள், மேலே போய்த் திரும்பி வந்தவர்கள். ஓரங்களில் போட்டுப் போட்டுப் பார்ப்பார்கள். இளைஞர்களிடம் வேகம் இருக்கும், குறி இருக்காது. 97 மைல் வேகத்தில் ஒரு பந்து, அடுத்து அதே கையசைவில் வந்து கடைசி நொடியில் முழங்காலுக்குக் கீழே விழும் ஸ்லைடர், இரண்டையும் நினைத்த இடத்தில் போடுகிறவன் டிரிபிள்-ஏவில் நிலைப்பதே இல்லை. அப்படிப் போடத் தெரிந்த அன்றே அவனை மேலே அழைத்துவிடுகிறார்கள். கெலனிக்கைத் தோற்கடித்த பந்து அதுதான். அந்தப் பந்து டக்கோமாவில் கிடைக்காது.

#3 புதுவரவு

இடையில் நுழைவதற்கு மன்னியுங்கள். நான் பேஸ்பால் பார்க்கத் தொடங்கி ஒன்றரை ஆண்டுதான் ஆகிறது. மைனர் லீக் என்பது நம் ரஞ்சிக் கோப்பை போன்றதுதானே? அங்கே ரன் குவித்தால் தேர்வாளர்கள் மேலே எடுப்பார்கள், அவ்வளவுதானா?

#4 வேங்கைமரம்

வாருங்கள் புதுவரவு, இதில் மன்னிப்பு எதற்கு? ரஞ்சியோடு ஒப்பிட்டால் குழப்பம்தான் வரும். ரஞ்சியில் ஒரு மாநில அணி வெல்வதற்காக ஆடுகிறது, கோப்பைக்கு மதிப்பு இருக்கிறது. மைனர் லீக் அணியின் நிலை வேறு. வீரர்கள், பயிற்சியாளர்கள் எல்லோரும் மேலே இருக்கும் தாய்க் கிளப்பின் ஆட்கள். யார் எந்த இடத்தில் ஆட வேண்டும், பிட்சர் எத்தனை பந்து போட வேண்டும் என்பதுவரை மேலிருந்து உத்தரவு வரும். டக்கோமா ரெய்னியர்ஸ் தோற்றாலும் சியாட்டில் கவலைப்படாது. பையன் வளர்கிறானா என்பதுதான் கணக்கு.

2021இல் அமைப்பைச் சுருக்கி 120 அணிகளாக்கினார்கள். முப்பது கிளப்புக்கும் தலைக்கு நான்கு: சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ. அதற்கும் கீழே பயிற்சி வளாகங்களில் ஆடும் தொடக்க நிலை அணிகள் தனி.

மழைக்காலப்பயணிக்கு: அவர் .320 அடித்தார் என்பதால் தயாராகிவிட்டார் என்று ஆகாது. முப்பது ஆட்டம் என்பது ஒரு மாதம். ஒரு மாதம் யாரும் அடிக்கலாம்.

#5 கணக்கன்

நீங்கள் இருவரும் ஆட்டத்தைப் பேசுகிறீர்கள். முடிவெடுத்தவர்கள் ஆட்டத்தை மட்டும் பார்த்து எடுக்கவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

ஒரு வீரர் மேஜர் லீக்கில் 172 நாள் இருந்தால் ஓராண்டுச் சேவை. அப்படி ஆறு ஆண்டு முடிந்தால்தான் விரும்பிய கிளப்புக்குப் போகும் சுதந்திரம். பருவம் தொடங்கி இரண்டு மூன்று வாரம் தாமதித்து மேலே அழைத்தால் அந்த ஆண்டு முழு ஆண்டாகக் கணக்கில் வராது, கிளப்புக்கு ஏழாவது ஆண்டும் கிடைத்துவிடும். 2015இல் சிகாகோ கப்ஸ் கிறிஸ் பிரையன்ட் விஷயத்தில் செய்தது இதுதான் என்று அவர் தரப்பு முறையிட்டுப் பார்த்தது, தோற்றது.

கெலனிக் விஷயத்தில் நேரடிச் சாட்சியமே இருக்கிறது. 2021 பிப்ரவரியில் அப்போதைய மரினர்ஸ் தலைவர் கெவின் மேதர் ஒரு ரோட்டரி சங்கக் கூட்டத்தில் பேசிய காணொளி வெளியானது. கெலனிக்குக்கு நீண்டகால ஒப்பந்தம் தர முன்வந்ததையும், அவர் மறுத்ததையும், பருவத் தொடக்கத்தில் அவரைச் சேர்க்கப் போவதில்லை என்பதையும் அவரே அங்கே சொல்லியிருந்தார். சில நாளில் பதவி விலகினார்.

இதற்குப் பிறகு ஒரு கிளப் "பையனுக்கு இன்னும் பக்குவம் தேவை" என்று சொன்னால் நான் எப்படி நம்புவது? பக்குவம் என்ற நல்ல சொல்லைப் பணக் கணக்குக்குப் போர்வையாக்கிவிட்டார்கள். உண்மையாகவே பக்குவம் தேவைப்படும் பையனுக்கும் அந்தச் சொல் இன்று அவமானமாகப் படுகிறது. எனக்குக் கோபம் இதில்தான்.

2022 ஒப்பந்தத்தில் கொஞ்சம் சரிசெய்தார்கள். முன்னணிப் புதுமுகத்தை முதல் நாளிலிருந்தே சேர்த்து, அவர் சிறந்த புதுமுக விருது பெற்றால் கிளப்புக்குக் கூடுதல் டிராஃப்ட் வாய்ப்பு. ஒரே பருவத்தில் ஒரு வீரரை ஐந்து முறைக்கு மேல் கீழே அனுப்ப முடியாது என்ற வரம்பும் வந்தது.

#6 செம்பருத்தி

கணக்கன் சொன்னது முக்கியம்தான். ஆனாலும் பணத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு வேங்கைமரத்தின் "ஆறு ஆட்டம்" என்ற எண்ணை எடுத்துக்கொள்கிறேன். அதே ஆறு ஆட்டத்தோடு மேலே வந்த இன்னொரு அவுட்ஃபீல்டர் இருக்கிறார்.

மில்வாக்கியின் ஜாக்சன் சூரியோ. வெனிசுவேலாவின் மரக்காய்போக்காரர். 2023 கடைசியில் நாஷ்வில்லில் டிரிபிள்-ஏ ஆட்டங்கள் ஆறுதான். அந்த டிசம்பரிலேயே, மேஜர் லீக்கில் ஒரு பந்தைக்கூடச் சந்திக்காத நிலையில், எட்டு ஆண்டுக்கு 82 மில்லியன் டாலர் ஒப்பந்தம். 2024 பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே களத்தில் இருந்தார். வயது 20.

அவரும் தடுமாறினார். ஜூன் தொடக்கம்வரை சராசரி .210ஐ ஒட்டியே தவழ்ந்துகொண்டிருந்தது. கீழே அனுப்ப வேண்டும் என்று எழுதாதவர்கள் இல்லை. மில்வாக்கி அனுப்பவில்லை. சில நாள் பெஞ்சில் உட்கார வைத்தார்கள், வரிசையில் கீழே இறக்கினார்கள், ஆனால் கூடவே வைத்துக்கொண்டார்கள். பருவம் முடியும்போது .275, 21 ஹோம் ரன், 22 திருட்டுத் தளம் (அடி இல்லாமல் ஓடியே பிடித்த தளம்). அந்த வயதில் இருபதுக்கு இருபது எட்டியவர் அவருக்கு முன் யாரும் இல்லை. பிளே-ஆஃபில் மெட்ஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் இரண்டு ஹோம் ரன்.

இருவருக்கும் டிரிபிள்-ஏவில் ஆறே ஆட்டம். ஒருவர் நிலைத்தார், ஒருவர் சரிந்தார். அப்படியானால் வித்தியாசம் வேறு எங்கோ இருக்கிறது. நான் தேடிப் பார்த்தது ஒரு படி கீழே. சூரியோ 2023இல் பிலாக்ஸியில் டபுள்-ஏ மட்டத்தில் 122 ஆட்டங்கள் ஆடினார். கெலனிக் 21.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த ஆண்டின் முதல் பாதியில் அந்த லீக்கில் ஒரு பரிசோதனை நடந்தது. பந்தின் மேல் முன்கூட்டியே பிசுபிசுப்பு ஏற்றிக் கொடுத்தார்கள். பிட்சரின் பிடி இறுகும், சுழற்சி கூடும், வளையும் பந்து இன்னும் கூர்மையாக வளையும். 19 வயதுப் பையன் அந்தப் பந்துகளை மூன்று மாதம் சந்தித்தான். தடுமாறினான். பந்து வழக்கமானதாக மாறிய பிறகு அவன் ஸ்ட்ரைக் அவுட் ஆவது (மூன்று ஸ்ட்ரைக்கில் ஆட்டமிழப்பது) குறைந்தது. அந்த மூன்று மாதத் தோல்விதான் அவனுக்குப் பெரிய பள்ளிக்கூடமாக இருந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

#7 மழைக்காலப்பயணி

செம்பருத்தி, இந்தக் கோணம் எனக்குத் தோன்றவே இல்லை. டபுள்-ஏ பற்றிச் சொன்னது சரி. அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் மேலே ஏறிக்கொண்டிருக்கும் பிட்சர்கள், இறங்கி வந்தவர்கள் குறைவு. கைவசம் உள்ள நல்ல பந்தை ஒளிக்காமல் போடுவார்கள். அங்கே நூறு ஆட்டம் என்றால் நூறு ஆட்டமும் பாடம்.

டிரிபிள்-ஏவின் மேற்குப் பிரிவில் மைதானத்தில் தொடங்கியே கோளாறு. ஆல்புகர்க்கி கடல்மட்டத்திலிருந்து ஐயாயிரம் அடி உயரம். ரீனோ, சால்ட் லேக், லாஸ் வேகஸ் எல்லாம் மேட்டு நிலம், உலர்ந்த காற்று. சாதாரணமாகப் பிடிபட வேண்டிய பந்து சுவரைத் தாண்டிப் போகும். வளையும் பந்து அங்கே முழுதாக வளைவதும் இல்லை. அந்த ஊர்களில் கிடைத்த சராசரியை வைத்து ஒருவர் தயாரா என்று எப்படி அளப்பது?

ஆனால் கவனியுங்கள், இது வேங்கைமரத்தின் வாதத்துக்கும் உதவவில்லை, என் வாதத்துக்கும் உதவவில்லை. 2021 ஜூனில் அவரை டபுள்-ஏவுக்கு அனுப்பியிருக்க வேண்டும் என்று நாம் யாருமே கேட்கவில்லை.

#8 பழந்தாள்

பிள்ளைகளே, நீங்கள் பேசுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்த வழக்குக்கு ஒரு பழைய தீர்ப்பு உண்டு என்பார்கள். உண்மையில் ஒரே ஆண்டில் இரண்டு தீர்ப்பு, ஒன்றுக்கொன்று நேர் எதிர்.

1951. நியூயார்க் நகரம். ஜயன்ட்ஸ் அணிக்கு வில்லி மேஸ், யாங்கீஸ் அணிக்கு மிக்கி மேன்டில். இருபது வயது, பத்தொன்பது வயது.

மேஸ் அந்த ஆண்டு கீழ்மட்டத்தில் மின்னியாபொலிஸ் மில்லர்ஸ் அணிக்கு 35 ஆட்டம் ஆடி .477 அடித்திருந்தார். அவரை மேலே அழைத்துக்கொண்டபோது, ஜயன்ட்ஸ் உரிமையாளர் மின்னியாபொலிஸ் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து அந்த ஊர் ரசிகர்களிடம் வருத்தம் தெரிவித்தார். அவ்வளவு ஆடியவர் மேலே வந்து முதல் 26 வாய்ப்பில் ஒரே ஒரு ஹிட். அந்த ஒன்று வாரன் ஸ்பானின் பந்தில் அடித்த ஹோம் ரன். பையன் உடைந்துபோய்த் தன்னைத் திருப்பி அனுப்பிவிடும்படி மேலாளர் லியோ டுரோச்சரிடம் கெஞ்சியதாகச் சொல்வார்கள். டுரோச்சர் அனுப்பவில்லை. இந்த அணியின் நடுக்களம் உன்னுடையது என்று தோளைத் தட்டினார். மேஸ் 20 ஹோம் ரன் அடித்து நேஷனல் லீக்கின் சிறந்த புதுமுகம் ஆனார்.

மேன்டில் அதற்கு முந்தைய ஆண்டு ஜாப்லினில், பல படி கீழான கிளாஸ்-சி மட்டத்தில் .383 அடித்தவர். அங்கிருந்து ஒரே தாவலில் யாங்கீஸ். ஜூலையில் ஸ்ட்ரைக் அவுட் மேல் ஸ்ட்ரைக் அவுட். யாங்கீஸ் மேலாளர் கேசி ஸ்டெங்கல் அவரைக் கன்சாஸ் சிட்டியின் கீழ்மட்ட அணிக்கு அனுப்பினார். அங்கேயும் தொடக்கத்தில் ஒன்றும் ஓடவில்லை. ஆக்லஹோமாவில் ஈயமும் துத்தநாகமும் தோண்டும் சுரங்கத்தில் வேலை செய்த அவருடைய அப்பா மட் மேன்டில் வண்டியேறி வந்தார். ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்த மகனை, "மூட்டை கட்டு, வீட்டுக்குப் போய்ச் சுரங்கத்தில் இறங்கு" என்ற பொருளில் கடிந்துகொண்டாராம். மகன் பின்னாளில் பலமுறை சொன்ன கதை. அதன் பின் கன்சாஸ் சிட்டியில் 40 ஆட்டம், .361, 11 ஹோம் ரன். ஆகஸ்டில் யாங்கீஸ் மறுபடி அழைத்துக்கொண்டது.

ஒருவரை வைத்துக்கொண்டார்கள், ஒருவரை அனுப்பினார்கள். இருவரும் புகழவையில் இருக்கிறார்கள். ஆகையால் "அனுப்பலாமா, கூடாதா" என்ற பொதுவிதி தேடுவதை விடுங்கள்.

இன்னும் ஒன்று. மேஸ் 1951இல் புதுமுகம் என்று எழுதுகிறோம். அவர் பதினேழு வயதிலேயே பர்மிங்ஹாம் பிளாக் பேரன்ஸ் அணியில், நீக்ரோ லீக்கின் வளர்ந்த ஆண்கள் நடுவே ஆடியவர். அந்தப் பிட்சர்களில் எத்தனையோ பேர் நிறத்தின் காரணமாக மட்டுமே மேஜர் லீக்கில் இல்லாதவர்கள். செம்பருத்தி பேசும் பள்ளிக்கூடம் அவருக்கு அங்கேயே நடந்துவிட்டது.

#9 வேங்கைமரம்

பழந்தாள் ஐயா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். ஆனாலும் விட்டுக்கொடுக்க மனமில்லை. மேஸும் மேன்டிலும் நூற்றாண்டுக்கு ஒருமுறை வருகிறவர்கள். அவர்களை எங்கே வைத்தாலும் முளைப்பார்கள். நான் கேட்பது அடுத்த வரிசையில் இருக்கும் பையன்களைப் பற்றி.

கைல் டக்கரை எடுங்கள். 2018இல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் மேலே அழைத்தது. 28 ஆட்டம், .141. அடுத்த ஆண்டு ஏறக்குறைய முழுப் பருவமும் ரவுண்ட் ராக்கில் டிரிபிள்-ஏ. 125 ஆட்டம், 34 ஹோம் ரன், 30 திருட்டுத் தளம். செப்டம்பரில் மேலே வந்தார். 2021இலும் 2022இலும் தலா 30 ஹோம் ரன். 2022இல் சிறந்த களக்காப்புக்கான தங்கக் கையுறை விருது, உலகத் தொடர் வெற்றி. அந்த ஓராண்டு வீணா?

யாங்கீஸின் ஆரன் ஜட்ஜ்: 2016 ஆகஸ்டில் முதல் வாய்ப்பிலேயே ஹோம் ரன், ஆனால் அந்த 27 ஆட்டங்களில் .179. 84 வாய்ப்பில் 42 ஸ்ட்ரைக் அவுட், சரியாகப் பாதி. அவருக்கு அப்போது 24 வயது, கல்லூரியும் மைனர் லீக்கும் முழுதாக முடித்தவர். அந்தக் குளிர்காலத்தில் வீச்சையே மாற்றிக்கொண்டு 2017இல் 52 ஹோம் ரன் அடித்தார். அடித்தளம் இருந்தவர் விழுந்தாலும் எழுந்தார் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

#10 மழைக்காலப்பயணி

ஜட்ஜ் உங்கள் கட்சியில் இல்லை! அவரைத் திருத்தியது மைனர் லீக்கா? இல்லையே. மேலே வந்து அடி வாங்கியதால் என்ன குறை என்று தெரிந்தது. தெரிந்ததால் குளிர்காலத்தில் சரிசெய்தார். 2016இல் அவரை யாங்கீஸின் டிரிபிள்-ஏ ஊரான ஸ்க்ராண்டனிலேயே வைத்திருந்தால் அந்த 42 ஸ்ட்ரைக் அவுட் எங்கிருந்து கிடைத்திருக்கும்?

#11 செம்பருத்தி

இரண்டு பேருக்கும் நடுவில் ஒருவர் இருக்கிறார்: ஜோ அடெல். இவர் கதையை யாராவது முழுதாகச் சொல்ல வேண்டும், நான் சொல்கிறேன்.

2017 டிராஃப்டில் ஏஞ்சல்ஸ் கிளப் பத்தாவதாக எடுத்த பையன். 2019இல் காயத்திலிருந்து மீண்டு சால்ட் லேக்கில் 27 ஆட்டம் ஆடினார். காற்றே பந்தைத் தூக்கிக்கொண்டு போகும் அந்த ஊரில் ஒரு ஹோம் ரன்கூட அடிக்கவில்லை. தயாரில்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிகுறி வேண்டுமா? 2020 ஆகஸ்டில் மேலே அழைத்தார்கள். டெக்சாஸில் ஒரு ஆட்டம். வலக்களத்தில் சுவரோரம் ஓடிவந்து பந்தைப் பிடிக்கப் போனார். பந்து கையுறையில் பட்டு எகிறிச் சுவரைத் தாண்டி விழுந்தது. அடித்தவர் நான்கு தளமும் சுற்றி வந்தார், அடெல் கணக்கில் நான்கு தளப் பிழை. அந்தக் காட்சியை இன்றும் சிரிப்புக் காட்சியாகப் பகிர்கிறார்கள். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த 21 வயது முகம்தான் கண்ணில் நிற்கிறது. அந்தப் பருவம் 38 ஆட்டம், .161, 55 ஸ்ட்ரைக் அவுட். அந்த ஆண்டு கீழே லீக்கே இல்லை என்பதால் ஒழுங்காகத் திருப்பி அனுப்பவும் இடமில்லை.

2021இல் சால்ட் லேக்குக்குத் திரும்பினார். 73 ஆட்டத்தில் 23 ஹோம் ரன். ஆக வேங்கைமரம் சொல்வதுபோல் கீழே இருந்த காலம் உதவியிருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு இரண்டு ஆண்டு மேலும் கீழுமாக இழுத்தடித்தார்கள். 2024இல் அவரைக் கீழே அனுப்பும் ஆப்ஷன்கள் தீர்ந்துவிட்டன. வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையேல் இழக்க வேண்டும். வைத்துக்கொண்டார்கள். அந்த ஆண்டு 20 ஹோம் ரன், 2025இல் 37.

முதலில் அவசரப்பட்டார்கள், பிறகு தேவைக்கு மேல் தாமதித்தார்கள். ஒரே பையனுக்கு இரண்டு தவறும் நடந்தது. அவர் பிழைத்தது அவருடைய பொறுமையால்.

#12 புதுவரவு

நன்றி அக்கா, அடெல் பற்றி எனக்கு அந்தப் பிழைக் காட்சி மட்டும்தான் தெரிந்திருந்தது.

ஒரு சந்தேகம். நீங்கள் எல்லோரும் மட்டையைப் பற்றியே பேசுகிறீர்கள். அவுட்ஃபீல்டர் என்றால் பந்து பிடிக்கவும் வேண்டுமே? அதற்குக் கீழே இருக்க வேண்டாமா?

#13 பழந்தாள்

நல்ல கேள்வி, தம்பி. நடுக்களக்காரர் பீட் க்ரோ-ஆர்ம்ஸ்ட்ராங்கைப் பாருங்கள். 2023 செப்டம்பரில் கப்ஸ் அழைத்தபோது 14 வாய்ப்பில் ஒரு ஹிட்கூட இல்லை. 2024 முழுதும் .237தான். ஆனாலும் அணியில் நிலைத்தார். ஏன்? நடுக்களத்தில் அவர் ஓடிப் பிடிக்கும் பந்துகள் எதிரணியின் டபுள்களை அவுட்டாக்கிக்கொண்டே இருந்தன. மட்டை உறங்கும் நாளிலும் கால் உறங்குவதில்லை. அணிக்குப் பயன்பட்டுக்கொண்டே மட்டையைக் கற்றுக்கொள்ள அவருக்கு அவகாசம் கிடைத்தது. 2025இல் 31 ஹோம் ரன், 35 திருட்டுத் தளம், தங்கக் கையுறை.

மட்டையை மட்டும் நம்பி அழைக்கப்படும் இடக்கள, வலக்களப் பையனுக்கு அந்த அவகாசம் கிடையாது. இரண்டு வாரம் அடிக்கவில்லை என்றால் அவன் அணியில் இருப்பதற்கு வேறு காரணம் இல்லை. ஆகவே, நல்ல நடுக்களக்காரனைச் சீக்கிரம் அழைக்கலாம், ஓரக்களப் பையனை மட்டை முற்றிய பிறகே அழைக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

#14 கணக்கன்

பழந்தாள் ஐயா சொன்னதோடு ஒரு கணக்கு. டிரிபிள்-ஏ வீரருக்கு 2023 ஒப்பந்தப்படி ஆண்டுக்குக் குறைந்தபட்சம் 35,800 டாலர். மேஜர் லீக்கில் 2025இன் குறைந்தபட்சம் 760,000. முதல் மைனர் லீக் தொழிற்சங்க ஒப்பந்தம் வருவதற்கு முன் நிலைமை இன்னும் மோசம். "இன்னும் ஓராண்டு கீழே இருக்கட்டும்" என்று நாம் நாற்காலியில் உட்கார்ந்து எழுதும்போது, அந்த ஓராண்டு ஒரு குடும்பத்துக்கு என்ன என்பதும் நினைவில் இருக்க வேண்டும். முதல் சுற்றில் எடுக்கப்பட்டுக் கோடிகளில் முன்பணம் வாங்கியவர்களை நான் சொல்லவில்லை. பதினைந்தாம் சுற்றில் வந்த பையனைச் சொல்கிறேன்.

#15 மழைக்காலப்பயணி

கெலனிக்குக்குத் திரும்பி வருகிறேன், இழை அவர் பெயரில் தொடங்கியதால்.

2023 ஏப்ரலில் அவர் ஆடியதை நேரில் பார்த்தவன் நான். .308, ஏழு ஹோம் ரன். வீச்சைச் சுருக்கிக்கொண்டு வந்திருந்தார். இடக்களத்தில் நின்ற அவரைப் பார்த்து, பொறுத்திருந்தது வீண்போகவில்லை என்று என் மனைவியிடம் சொன்னேன். ஜூலையில் ஒரு ஸ்ட்ரைக் அவுட்டுக்குப் பிறகு வீரர்கள் அமரும் டக்அவுட்டில் தண்ணீர்க் கலத்தை உதைத்துக் கால் எலும்பை முறித்துக்கொண்டார். மறுநாள் செய்தியாளர்கள் முன் அழுதார். அந்த அழுகையைப் பார்த்து எனக்குக் கோபம் வரவில்லை. 24 வயதில், இரண்டு ஆண்டாக ஒவ்வொரு ஸ்ட்ரைக் அவுட்டும் தன்னைத் திருப்பி அனுப்புவதற்கான கடிதமாகத் தெரிந்த ஒருவர் அவர். டிசம்பரில் அட்லாண்டாவுக்கு மாற்றினார்கள். 2025 ஏப்ரலில் அங்கேயும் .167 அடித்துவிட்டு, அந்த கிளப்பின் டிரிபிள்-ஏ ஊரான குவினெட்டுக்கு இறங்கினார்.

ஒன்றை மட்டும் திருத்திக்கொள்கிறேன். என் முதல் பதிவில் ஐந்தாம் வகுப்பு, ஆறாம் வகுப்பு என்று எழுதினேன். அந்த உவமை தவறு. டக்கரும் அதே டிரிபிள்-ஏவுக்குத்தான் போனார், கற்றுக்கொண்டு வந்தார். ஆக அந்த மட்டத்தில் பாடமே இல்லை என்று நான் சொன்னது நிற்காது.

#16 வேங்கைமரம்

நானும் ஒன்றைத் திருத்திக்கொள்கிறேன். "முழு ஆண்டு மைனர் லீக்" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டேன். செம்பருத்தி காட்டியபிறகு அப்படிக் கேட்க முடியவில்லை. கெலனிக்குக்கு நடக்காமல்போனது டபுள்-ஏவின் ஒரு முழுப் பருவம். அந்தப் பருவம் 2020இல் வந்திருக்க வேண்டியது, நோய் தின்றுவிட்டது. 2021இல் அந்தக் கடனைத் திருப்பிக் கொடுக்க மரினர்ஸிடம் வாய்ப்பு இருந்தது. கொடுக்கவில்லை. கணக்கன் சொன்ன ரோட்டரிப் பேச்சுக்குப் பிறகு, அவரைக் கீழே வைத்திருந்தால் பணத்துக்காக என்று ஊர் சொல்லும் என்ற பயமும் இருந்திருக்கலாம் என்பது என் ஊகம். அப்படியானால் அந்தப் பேச்சின் விலையைக் கொடுத்தவர் பேசியவரல்ல.

இரண்டாவது, கீழே அனுப்பும்போது கையில் என்ன வேலை கொடுத்து அனுப்புகிறார்கள் என்பது. "போய் அடித்துவிட்டு வா" என்றால் கெலனிக் போல் அடித்துவிட்டு வருவார். "இடக்கைப் பிட்சரின் ஸ்லைடர் கீழே விழும்போது மட்டையை நிறுத்திக் காட்டு, அதுவரை சராசரி .200 ஆனாலும் கவலையில்லை" என்று அனுப்பினால் அது வேறு. அந்த வேலையைச் சராசரி காட்டாது, ஹோம் ரன் எண்ணிக்கை காட்டாது.

#17 செம்பருத்தி

வேங்கைமரம், அப்படி ஒரு வேலை கொடுத்தார்களா என்பது வெளியில் இருக்கும் நமக்குத் தெரிய வாய்ப்பில்லை. ஆனால் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். ஒரு பையன் கீழே வந்த முதல் வாரத்திலும் ஐந்தாவது வாரத்திலும் ஸ்ட்ரைக் எல்லைக்கு வெளியே போகும் எத்தனை பந்துக்கு மட்டையை வீசுகிறான் என்று எண்ணினாலே போதும். மழைக்காலப்பயணி, நீங்கள்தான் மைதானத்துக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள்.

#18 மழைக்காலப்பயணி

ஏப்ரலில் முதல் வாரத்துக்கே டிக்கெட் எடுத்துவிட்டேன், மூன்றாம் தளப் பக்கம் கீழ்வரிசையில். அங்கிருந்து இடக்கைப் பேட்டரின் முகமும் மட்டையும் தெளிவாகத் தெரியும், வானம் திறந்தால் பின்னால் ரெய்னியர் மலையும் தெரியும். ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துப் போகிறேன். வெளியே போன பந்து, வீசியது, விட்டது, மூன்று பத்தி. ஐந்து வாரம் கழித்து இதே இழையில் எழுதுகிறேன்.